நெறி கட்டவில்லை, ஆனால் மூக்குத்தி குத்தியது தெரியவில்லை

2022 ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் மேலுதட்டில், வலது ஓரமாக, ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. "அம்மா, வாயத் தொடைச்சுக்கோ" என்றேன். முந்தானையால் இடது பக்கம் துடைத்தார். "இந்தப் பக்கம்மா" என்றதும் வலது பக்கமும் ஒருமுறை துடைத்துவிட்டு, "எங்கடி, ஒண்ணுமே இல்லியே" என்றார். பருக்கை அப்படியேதான் இருந்தது. நானே எழுந்து போய் விரலால் எடுத்துவிட்டேன். எடுத்தது அம்மாவுக்குத் தெரியவில்லை, "எடுத்துட்டியா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அம்மாவுக்கு 6 வருடம் முன்னால் வாயில் கேன்சர் வந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்ப உஷாராக இருந்தோம்: வாராவாரம் அம்மாவின் கழுத்தைத் தடவிப் பார்ப்பது. நெறி (நிணநீர் முடிச்சு) கட்டியிருக்கிறதா, காதுக்குக் கீழே ஏதாவது உருளுகிறதா, காறை எலும்புக்கு மேலே குழியில் கட்டி இருக்கிறதா என்று. நெய்வேலியிலிருந்து அண்ணன் வந்தாலும் வந்தவுடன் அதைத்தான் பார்ப்பான். கழுத்து சுத்தமாக இருந்தால் அம்மா நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம், அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். நோய் கழுத்துப் பக்கமே வரவில்லை, நரம்பைப் பிடித்துக்கொண்டு மேலே போயிருந்தது என்பது தெரிய எங்களுக்கு இன்னும் 4 மாதம் ஆனது. வேறு யாருக்கும் அந்த 4 மாதம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். 2015 டிசம்பரில் கடலூரே வெள்ளத்தில் கிடந்தது, அது வடிந்து 2, 3 மாதம் இருக்கும். அம்மா நாக்கால் மேலண்ணத்தைத் துழாவிக்கொண்டே, "சுண்டக்கா மாதிரி என்னமோ இருக்கு" என்றார். வலி இல்லை, ரத்தம் இல்லை, புண்ணும் இல்லை. பக்கத்தில் கடைவாய்ப் பல் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்ததால் பல் டாக்டரிடம் போனோம். பல்லில் சீழ் வைத்திருக்கும் என்று ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். வீக்கம் குறையவில்லை, அடுத்த மாதம் இன்னொன்றையும் பிடுங்கினார்கள். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் ஒருவர்தான், "இது பல் சமாச்சாரம் இல்லம்மா, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்" என்றார். ரிசல்ட்டில் வந்த பெயர் அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமா.

பண்ருட்டியிலிருந்து சித்தி வந்து அழுத அழுகை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அக்கா வெத்தலகூடப் போட்டதில்லியே, அதுக்கு எப்படி வாயில வரும்?" என்று. நியாயமான கேள்விதான். நம் ஊர்ப்பக்கம் வாய்ப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் புகையிலை, ஹான்ஸ், பாக்கு, பீடி என்றுதான் கதை போகும். கன்னத்திலும் நாக்கிலும் வருவது பெரும்பாலும் அந்த வகைதான். அம்மாவுக்கு வந்தது வேறு. நம் அண்ணத்திலும் உதட்டிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உமிழ்நீர்ச் சுரப்பிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அதில் ஒன்றில் வந்தது. இதற்கும் புகையிலைக்கும் சம்பந்தம் கிடையாது. மெதுவாக வளரும், பல வருடம் கழித்துத் திரும்ப வரும். நெறிக்கட்டுக்குப் போவது குறைவு. நரம்பின் உறைக்குள் புகுந்து அதையே பாதையாக வைத்துக்கொண்டு போவதும், சத்தமில்லாமல் நுரையீரலில் போய் உட்கார்வதும்தான் இதன் சுபாவம். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஆபரேஷன் ஆனது. மேல்தாடையில் வலது பாதியை எடுத்தார்கள். அந்த ஓட்டையை அடைக்க ஒரு தட்டு செய்து கொடுத்தார்கள், பல் செட் மாதிரி கழற்றி மாட்டுவது. தட்டு இல்லாமல் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும், பேச்சும் மூக்கால்தான் வரும். தட்டை மாட்டிவிட்டால் பழைய அம்மா. பிறகு ஆறு வாரத்துக்குமேல், வாரம் 5 நாள், கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். திருப்பாப்புலியூரில் காலை 6 மணிக்குப் பஸ் ஏறி, பெண்ணையாறு தாண்டி, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று போய் பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து கோரிமேடு பஸ் பிடித்து ஜிப்மர். 25 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனாலும் வாய் வெந்து கிடக்கிற ஒரு ஆளுக்கு அது எவ்வளவு தூரம் என்று கூடப் போனவர்களுக்குத்தான் தெரியும். கடைசி 2 வாரம் கோரிமேட்டிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டோம். கரண்ட் வைக்கிற நோயாளி வீட்டில் இருந்தால் முடிந்தவரை பக்கத்தில் தங்கப் பாருங்கள், எங்களுக்கு அந்த யோசனை தாமதமாகத்தான் வந்தது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மறந்துவிடும். தாடையில் கரண்ட் வைத்த பிறகு எந்தப் பல் ஆடினாலும், வலித்தாலும், கரண்ட் வைத்த டாக்டரைக் கேட்காமல் பிடுங்கவே பிடுங்காதீர்கள். எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கும், பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே செத்துப்போக வாய்ப்பு உண்டு. எடுக்க வேண்டிய பல்லை எல்லாம் கரண்ட் ஆரம்பிக்கும் முன்பே எடுத்து ஆறவிடுவதுதான் முறை.

அந்த ஆறு வாரத்தில் டோக்கன் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் எத்தனை பேர் கதையைக் கேட்டிருப்பேன். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார், நாக்கில் கேன்சர். மேல் கழுத்தில் ஒன்றுமே இல்லை, கழுத்தின் அடிவாரத்தில், காறை எலும்புக்குக் கொஞ்சம் மேலே ஒரு நெறி. "நடுவுல ரெண்டு ஸ்டாப்பு நிக்காமப் போயிருச்சும்மா" என்று அவரே சொன்னார். நாக்குக் கேன்சரில் அப்படி நடப்பது உண்டு என்று பிறகு டாக்டர் விளக்கினார். வழக்கமாகத் தாடைக்குக் கீழே, காதுக்குக் கீழே, அப்புறம் நடுக்கழுத்து என்று படிப்படியாக இறங்கும், சிலருக்கு மேல்படிகளைத் தாண்டி நேராகக் கீழே போய்விடும். அதேபோல அண்ணம், நாக்கின் அடி, வாயின் கீழ்த்தளம் மாதிரி நடுவில் இருக்கிற இடங்களில் வந்தால் இரண்டு பக்கக் கழுத்துக்கும் போகலாம். விழுப்புரம் பக்கத்து அண்ணன் ஒருவருக்கு வலது கன்னத்தில் வந்தது, கழுத்தில் ஆபரேஷனும் கரண்டும் முடிந்து ஒன்றரை வருடம் கழித்து இடது கழுத்தில் நெறி. ஒரு பக்கம் வாய்க்காலை அடைத்துவிட்டால் தண்ணீர் வேறு வழி பார்த்துப் போகிற மாதிரிதான் அதுவும், நிணநீர் புது வழி பிடித்து எதிர்ப்பக்கம் போகும், ரொம்ப அபூர்வமாக அக்குளுக்குக்கூடப் போகும். அதனால் ஒருமுறை வைத்தியம் ஆனவர்கள் பழைய பக்கத்தை மட்டும் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். இரண்டு கழுத்து, இரண்டு அக்குள், காறை எலும்புக்கு மேலே இருக்கிற குழி, காதுக்குப் பின்னால், எல்லாம் பாருங்கள்.

அங்கேயே இன்னொரு சண்டையையும் பார்த்தேன். நாக்கில் சின்னக் கட்டி உள்ள ஒரு அண்ணனுக்கு, கழுத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கழுத்தையும் திறந்து நெறிகளை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவர் மனைவி, "இல்லாத எடத்த எதுக்கு அறுக்கணும்?" என்று மறுத்துக்கொண்டே இருந்தார். எனக்கும் அன்று அவர் சொல்வதுதான் சரி என்று பட்டது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2015ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆரம்பக் கட்ட வாய்ப் புற்றுநோயில் முதலிலேயே கழுத்தையும் சேர்த்துச் செய்தவர்களில் 3 வருடம் கழித்து 100க்கு 80 பேர் உயிரோடு இருந்தார்கள், நெறி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் 67, 68 பேர்தான். கையில் தட்டுப்படுகிற அளவுக்கு வளருவதற்கு முன்பே உள்ளே இருக்கும் என்பதுதான் காரணம். உங்கள் வீட்டில் டாக்டர் இதைச் சொன்னால் தயவுசெய்து ஒருமுறைக்கு இருமுறை கேட்டுப் புரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

சரி, அம்மா கதைக்கு வருகிறேன். 2021ல் 5 வருடம் முடிந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் "அஞ்சு வருஷம் தாண்டியாச்சு, இனிமே பயமில்ல" என்றார்கள். பாடலீஸ்வரர் கோயிலில் அர்ச்சனை செய்தோம். 6 மாதத்துக்கு ஒருமுறை செக்கப் போவது வருடத்துக்கு ஒருமுறை ஆகி, கொரோனாவைச் சாக்கிட்டு அதுவும் நின்றுபோனது. அது எங்கள் தப்பு. இந்த வகைக் கேன்சருக்கு 5 வருடக் கணக்கு செல்லாது, 10 வருடம், 15 வருடம் கழித்துக்கூட வரும், அதனால் ஆயுசுக்கும் செக்கப் போக வேண்டும்.

அந்தப் பருக்கை விஷயத்துக்குப் பிறகு அம்மாவைக் குடைந்து கேட்டேன். அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்தது. வலது கன்னத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம், 2, 3 மாதமாக. மூக்கோரம் மரத்துப்போய் இருக்கிறதாம். மூக்குத்தியைக் கழுவிவிட்டுத் திருப்பிப் போடும்போது திருகாணி குத்திக் கொஞ்சம் ரத்தம்கூட வந்ததாம், அது தெரியவே இல்லையாம், கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்ததாம். "இத ஏம்மா சொல்லல?" என்றேன். "வலிச்சாத்தான சொல்லுவாங்க, வலிக்கலன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

அந்தப் பதிலை அதற்குப் பிறகு நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நம் பெரியவர்கள் வலியைச் சொல்வார்கள், வலி இல்லாமல் போனதைச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். பொட்டு வைக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறதா, முகம் கழுவும்போது தண்ணீர் ஒரு பக்கம் ஜில்லென்றும் இன்னொரு பக்கம் சாதாரணமாகவும் இருக்கிறதா, காபி குடிக்கும்போது உதட்டோரம் ஒழுகுகிறதா என்று இப்படிக் கேட்டால் பதில் வரும். அதேபோலக் கீழுதடும் முகவாய்க்கட்டையும் காரணமில்லாமல் மரத்துப்போனாலும் சும்மா விடக்கூடாது, கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடுகிற நரம்பை ஏதோ அழுத்துகிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, அதனால் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் போட்டோம். கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நெறி எதுவும் இல்லம்மா, நிம்மதியா இருங்க" என்றார். அவரும் எங்களை மாதிரியே கழுத்தைத்தான் பார்த்தார். சர்க்கரையால் மரத்துப்போவது பெரும்பாலும் இரண்டு பாதத்திலும் சேர்ந்துதான் ஆரம்பிக்கும் என்பது எனக்கு அப்போது தெரிந்திருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன். அப்புறம் தலைவலி வேறு சேர்ந்துகொண்டது. ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். சீட்டில் தலைவலி என்று மட்டும் எழுதியிருந்தது. படம் தெளிவாகத் தெரிவதற்கு ஊசியில் மருந்து ஏற்றி எடுத்தால் கூடுதல் பணம் என்றார்கள், சாதாரணமாகவே போதும் என்று நானே சொன்னேன். மூளை நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது, நாங்களும் சந்தோஷப்பட்டோம். அப்படியே ஐப்பசி வரை ஓடிவிட்டது.

திரும்பக் கோரிமேட்டுக்குப் போனது அண்ணன் பிடிவாதத்தால்தான். அங்கே இருந்த டாக்டரம்மா ஒரு பஞ்சைத் திரி மாதிரி உருட்டி, அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, நெற்றி, கன்னம், தாடை என்று இரண்டு பக்கமும் தொட்டுத் தொட்டு, "தெரியுதாம்மா? இது தெரியுதா?" என்று கேட்டார். வலது கன்னத்திலும் மூக்கோரத்திலும் மேலுதட்டிலும் தொட்டபோது அம்மா பேசாமல் இருந்தார், இன்னும் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டு. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சில நொடிகள் இருக்கிறதே, அதைச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அவர் 2016ம் வருட ஆபரேஷன் ரிப்போர்ட்டை எடுத்து ஒரு வரியைப் பேனாவால் காட்டினார். 'பெரிநியூரல் இன்வேஷன் - பிரசன்ட்'. நரம்பைச் சுற்றி நோய் இருந்தது என்று அப்போதே எழுதியிருக்கிறார்கள். 6 வருடம் அந்த பைல் எங்கள் வீட்டு பீரோவில்தான் இருந்தது, நான் லேமினேட்கூடப் பண்ணி வைத்திருந்தேன். அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாளும் யாரையும் கேட்கவில்லை. உங்களிடம் அப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கட்டி எவ்வளவு ஆழம், வெட்டிய ஓரங்கள் சுத்தமா, எத்தனை நெறி எடுத்ததில் எத்தனையில் நோய், நெறியின் உறையைத் தாண்டி வெளியே வந்திருக்கிறதா, நரம்பில் இருக்கிறதா, ரத்தக் குழாயில் இருக்கிறதா, இந்த வரிகளைக் காட்டி, "இதனால எங்கெங்க வர வாய்ப்பு இருக்கு, நாங்க வீட்டுல எதக் கவனிக்கணும்?" என்று டாக்டரை நேராகக் கேளுங்கள்.

இந்தமுறை மருந்து ஏற்றி, முகத்துக்கும் மண்டையோட்டின் அடிப்பகுதிக்கும் தனியாக எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதற்கு முன் கிட்னிக்கு ரத்தப் பரிசோதனை. தாலியைக் கழற்றி மஞ்சள் கயிறு கட்டி, மூக்குத்தியைக் கழற்றி என் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தார் அம்மா. படத்தில் டாக்டரம்மா காட்டினார்: அண்ணத்திலிருந்து புறப்படுகிற நரம்பு, கன்னத்து எலும்புக்குப் பின்னால் ஏறி, மண்டையோட்டில் இருக்கிற ஒரு சின்னத் துளை வழியாக உள்ளே போகிறது. இடது பக்கம் நூல் மாதிரி இருந்தது வலது பக்கம் தடித்து வெள்ளையாகத் தெரிந்தது, அந்தத் துளை வரைக்கும். சாதாரண மூளை ஸ்கேனில் இது ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். மருந்து ஏற்றாமல், இந்த இடத்தைக் குறி வைத்துத் தேடாமல் எடுத்தால் தவறிப்போவது சகஜம் என்றார். அதனால் ஸ்கேன் சீட்டில் பழைய கேன்சரின் பெயர், எந்தப் பக்கம், எங்கே மரத்துப்போயிருக்கிறது என்று மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். எழுதியிருக்காவிட்டால் எழுதச் சொல்லிக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

நெஞ்சுக்கும் சி.டி. எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் மிளகு மாதிரி, கடுகு மாதிரி சில புள்ளிகள். அம்மாவுக்கு இருமல்கூட இல்லை.

நரம்புக்குத் திரும்பக் கரண்ட் வைத்தார்கள், சென்னையில், இந்தமுறை 5 சிட்டிங் மட்டும், மில்லிமீட்டர் கணக்கில் குறி பார்த்து. ஏற்கெனவே கரண்ட் வாங்கிய இடத்துக்குப் பக்கம் என்பதாலும் கண் நரம்பு கிட்டத்தில் இருப்பதாலும் யோசித்து யோசித்துத்தான் ஒத்துக்கொண்டார்கள். வேறு ஊருக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட்டோடு பழைய கரண்ட் விவரத்தையும், பயாப்ஸி மெழுகு பிளாக்கையும் (டெஸ்டுக்கு எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பது) சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், அது இல்லாமல் நாங்கள் ஒருமுறை வெறுங்கையோடு திரும்பி வந்தோம். ரயிலில் கேன்சர் நோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான படிவத்தை மருத்துவமனையிலேயே கேட்டு வாங்கலாம்.

நுரையீரல் புள்ளிகளுக்கு இப்போதைக்கு எந்த வைத்தியமும் வேண்டாம், 4 மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்து வளருகிறதா பார்ப்போம் என்றார்கள். வீட்டில் அதுதான் பெரிய பிரச்சினை ஆனது. "நுரையீரலுக்கு வந்துடுச்சுங்கறாங்க, ஒண்ணும் பண்ணாம உக்காந்திருக்கீங்களே" என்று சித்தி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. மற்ற வாய்ப் புற்றுநோயில் நுரையீரலுக்குப் போனால் நிலைமை வேறு. இந்த வகையில் நுரையீரல் புள்ளிகளோடு பல வருடம் வேலை வெட்டி பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு, வழக்கமான கீமோ இதற்குப் பெரிதாகக் கேட்பதும் இல்லை. பரவிவிட்டது என்ற ஒரே வார்த்தை எல்லாருக்கும் ஒரே அர்த்தம் தராது என்பதை நான் சித்திக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. கடைசியில் சித்தியையே கூட்டிக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் உட்காரவைத்தேன், அதற்கப்புறம்தான் சமாதானம் ஆனார். வீட்டில் யார் ரொம்பப் பயப்படுகிறார்களோ அவர்களை ஒரு தடவை கூட்டிப் போய்விடுங்கள், எவ்வளவோ நிம்மதி.

கண்ணில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, மெல்லும்போது தாடை ஒரு பக்கமாக இழுத்தாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஒரு 40 பக்க நோட்டும் போட்டேன். தேதி, என்ன மாறியிருக்கிறது, எந்தப் பக்கம், அவ்வளவுதான். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிடும், 5 நிமிடம்தான் கிடைக்கும், நோட்டை நீட்டினால் அவரே படித்துக்கொள்வார். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தபோது, பாலித்தீன் பையில் கட்டிப் பரண்மேல் முதலில் ஏற்றியது அந்த நோட்டையும் பைலையும்தான். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அண்ணன் போனிலும் போட்டு வைத்திருக்கிறோம்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஒரு வேலை உண்டு. விளக்குத் திரியை எடுத்து அம்மா முகத்தில் காதுப் பக்கமிருந்து மூக்கை நோக்கி மெதுவாகத் தொட்டுக்கொண்டே வருவேன், அம்மா கண்ணை மூடிக்கொண்டு "தெரியுது, தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார், எங்கே நிறுத்துகிறாரோ அங்கே கண் மை பென்சிலால் ஒரு புள்ளி. மேலே, கீழே, எல்லாப் பக்கமும் வைத்துப் புள்ளிகளைச் சேர்த்தால் கோலம் மாதிரி ஒரு எல்லை வரும். அதைப் போட்டோ எடுத்துப் போன மாதப் போட்டோவோடு வைத்துப் பார்ப்பேன். டாக்டரம்மாவிடம் காட்டியபோது ரொம்ப நேரம் பார்த்தார், எல்லா மாதமும் கொண்டுவாருங்கள் என்றார்.

மரத்த இடம் திரும்ப வரவில்லை. போன ஞாயிறும் கோடு பழைய இடத்திலேயே இருந்தது. மையைத் துடைத்துவிட்டு அம்மா கண்ணாடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மூக்குத்தியைப் பார்த்துப் பார்த்துத் திருகினார்.